கையொப்பமும் சரிபார்ப்பும்: இலக்கமுறைப் பேரேடுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எழுத்தின் வரலாறு பற்றி அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். எழுதப்பட்ட ஒன்றுக்கு ஒருவர் தம்மைப் பிணையாக்கும் செயலாகிய கையொப்பத்தின் வரலாறு அந்த அளவுக்கு நம் கவனத்தைப் பெற்றதில்லை. ஆயின் காணியும் கடனும் திருமணமும் மரணசாசனமும் கையொப்பத்தின் மீதே நிற்கின்றன. ஒரு சமுதாயத்தில் எவர் எவரை நம்பினர், எவ்வாறு நம்பினர் என்பதை அறிய விழைவோர்க்குக் கையொப்பம் ஒரு சிறந்த சான்றாகும்.

எந்தக் கையொப்பத்தை நோக்கியும் இரு வினாக்கள் எழுப்பப்படலாம். இஃது எவருடைய கை என்பது முதலாவது வினா. அந்தக் கை எதற்கு ஒப்பியது, அதனை அறிந்துதான் ஒப்பியதா என்பது இரண்டாவது வினா. கடந்த அரை நூற்றாண்டுக் காலத்திற் கணிதம் முதலாவது வினாவுக்கு மிக வலிமையான விடையொன்றைக் கண்டது. இரண்டாவது வினா அந்த வெற்றியின் ஒளியில் மறைந்துபோயிற்று. புளொக்செயின் எனப்படும் இலக்கமுறைப் பேரேடுகளில் கையொப்பம் எங்ஙனம் சரிபார்க்கப்படுகின்றது, அப்பணி யாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியிடம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பவற்றை நோக்குவதன் மூலம் இவ்விரு வினாக்களும் பிரிந்த கதையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைநாட்டும் நொத்தாரிசும்

1858 ஆம் ஆண்டில் வங்காளத்தில் ஆங்கிலேய அதிகாரியாக விளங்கிய வில்லியம் ஹேர்ஷல், வீதி அமைப்பதற்கான பொருள்களை வழங்கும் ஒப்பந்தமொன்றின் பின்புறத்தில் ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தகாரரின் உள்ளங்கையை மையிற் தோய்த்துப் பதிப்பித்தார். 1877 இல் ஹூக்ளி மாவட்டத்தில் ஓய்வூதியம் பெறுவோரிடமும் உறுதிகளைப் பதிவு செய்வோரிடமும் விரலடையாளம் பெறும் முறையை அவர் நடைமுறைப்படுத்தினார். உடலே ஒப்பமாக மாறிய நிகழ்ச்சி இது. விரலடையாளம் இன்னாருடையது என்பதை மறுத்தல் அரிது. ஆயின் விரலைப் பதித்தவர் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்ததை அறிவாரா என்பதற்கு அவ்வடையாளம் எவ்விதச் சான்றும் தராது. கடன் பத்திரத்திற் கைநாட்டு வைத்துக் காணியை இழந்த குடியானவரின் துயரம் தெற்காசியாவெங்கும் நன்கு அறியப்பட்டது. அக்கைநாட்டு உண்மையானது, சம்மதமோ பொய்யானது.

இலங்கையில் இச்சிக்கலுக்குச் சட்டம் வேறொரு வழியைக் கண்டது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச்சட்டம், நிலையான ஆதனத்தை விற்கும் உறுதி நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் குறைந்தது இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும் என விதித்தது. 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச்சட்டம், வாசிக்க இயலாதவருக்கு உறுதியை வாசித்து விளக்கிய பின்னரே நொத்தாரிசு அதனை அத்தாட்சிப்படுத்தலாம் என்ற கடப்பாட்டை வலியுறுத்திற்று. நொத்தாரிசின் பணி இரட்டைப் பணி என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஒப்பமிட்டவர் இன்னார் என்பதற்கு அவர் சாட்சி. ஒப்பமிட்டது இன்னது என்று விளக்கப்பட்டது என்பதற்கும் அவரே சாட்சி. மேற்கூறிய இரு வினாக்களும் ஒரே மனிதரின் மேசையிற் சந்தித்தன. அந்த மனிதர் பொய்யராயின் இரண்டு விடைகளும் பொய்யாகும் என்பதும் உண்மையே.

இரு திறவுகோல்கள்

மனிதச் சாட்சியின்றிக் கையொப்பத்தை நிறுவ முடியுமா என்ற வினாவுக்கு 1976 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் விடைக்கான வழி பிறந்தது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த விற்பீல்ட் டிபி, மாட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் அவ்வாண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், ஒவ்வொருவரும் இரு திறவுகோல்களை வைத்திருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தனர். ஒன்று உலகறிய வெளியிடப்படுவது. மற்றையது உரியவரிடம் மட்டும் இரகசியமாக இருப்பது. இரகசியத் திறவுகோலாற் செய்யப்பட்ட ஒன்றைப் பொதுத் திறவுகோலைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம்; எவராலும் போலி செய்ய இயலாது. கையொப்பம் ஒன்றிடம் நாம் எதிர்பார்ப்பது இதனையேயன்றோ?

அவர்கள் காட்டிய வழியை நடைமுறைக்குக் கொணர்ந்தவர்கள் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சார்ந்த ரிவெஸ்ற், ஷமீர், அடில்மன் ஆகிய மூவராவர். 1977 இல் அவர்கள் கண்ட முறை 1978 பெப்ரவரியில் முழுமையாக வெளியாயிற்று. அதன் உட்பொருளைச் சிறு எண்களால் விளக்கலாம். 3, 11 ஆகிய இரு முதன்மை எண்களைப் பெருக்கினால் 33 வரும். 33 உம் 3 உம் பொதுத் திறவுகோல் என்றும், 7 இரகசியத் திறவுகோல் என்றும் கொள்வோம். 4 என்ற எண்ணே நாம் ஒப்பமிடவேண்டிய செய்தி. 4 இன் ஏழாம் அடுக்கு 16384. அதனை 33 ஆல் வகுக்க மீதி 16. இந்த 16 தான் கையொப்பம். சரிபார்ப்பவர் 7 என்ற எண்ணை அறியார். அவர் 16 இன் மூன்றாம் அடுக்காகிய 4096 ஐ 33 ஆல் வகுக்கின்றார், மீதி 4. செய்தி மீண்டு வந்தமையால் ஒப்பம் உண்மையென அறிகின்றார். 33 ஐப் பகுத்து 3, 11 எனக் காண்பது சிறுவர்க்கும் எளிது. அவ்வெண் பல நூறு இலக்கங்களைக் கொண்டதாயின் அதனைப் பகுப்பது இன்றைய கணினிகளுக்கும் இயலாதது. அந்த இயலாமையே இக்கையொப்பத்தின் காவலாகும்.

இங்கு ஒரு மாற்றத்தைக் கவனித்தல் வேண்டும். நொத்தாரிசின் இரட்டைப் பணியில் முதலாவது பகுதி முழுமையாகக் கணிதத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாவது பகுதியை எவரிடமும் ஒப்படைக்கவில்லை. 4 என்ற செய்தி உரியவரின் மனத்திலிருந்து வந்ததா, வேறொருவர் அவர் முன் வைத்ததா என்பதை 16 என்ற எண் ஒருபோதும் கூறமாட்டாது.

1985 இல் நீல் கொப்லிற்ஸ், விக்ரர் மில்லர் ஆகிய இருவரும் தனித்தனியே, நீள்வளைய வளையிகள் எனப்படும் கணித உருக்களை இத்தேவைக்குப் பயன்படுத்தலாமெனக் கண்டனர். மிகச் சிறிய திறவுகோலே பெரும் பாதுகாப்பைத் தரும் என்பது இதன் சிறப்பு. 1991 இல் ஐக்கிய அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் புதிய கையொப்ப முறையொன்றைப் பிரேரித்துக் கருத்துக்களைக் கோரியபோது, கனடாவின் ஸ்கொற் வான்ஸ்ரோன் அம்முறையை நீள்வளைய வளையிகளுக்குப் பொருத்தலாமென 1992 இல் முன்மொழிந்தார். பின்னாளில் இலக்கமுறைப் பேரேடுகள் ஏற்றுக்கொண்ட கையொப்பம் இதுவேயாகும்.

பேரேட்டின் சங்கிலி

கையொப்பம் இருந்தாற் போதும், நாணயமும் இயலும் என்று எண்ணத் தோன்றும். ஆயின் ஓர் இலக்கமுறை நாணயத்தை இருமுறை செலவு செய்வதைக் கையொப்பம் மட்டும் தடுக்கமாட்டாது. இரு செலவுகளிலும் உள்ள ஒப்பம் உண்மையானதே. டேவிட் சவும் 1982 இல் முன்வைத்த இலக்கமுறைப் பணம் இக்காரணத்தால் ஒரு மத்திய நிலையத்தை நம்பி நின்றது. அவர் நிறுவிய டிஜிகாஷ் நிறுவனம் 1998 இல் முறிவடைந்தது. மறுபுறத்தில், ஆவணங்களின் காலத்தை நிறுவ முயன்ற ஹேபர், ஸ்ரோர்னெற்றா ஆகியோர், ஒவ்வொரு பதிவும் முந்திய பதிவின் சுருக்க எண்ணைத் தன்னுள் கொண்டிருக்குமாறு பதிவுகளைச் சங்கிலியாகக் கோக்கும் முறையை 1991 இல் வெளியிட்டனர். சுருக்க எண் என்பது எவ்வளவு நீண்ட ஆவணத்தையும் ஒரு குறித்த அளவான எண்ணாகக் குறுக்குவது. ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் முற்றாக மாறிவிடும்.

2008 ஒக்ரோபர் 31 இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான ஒன்பது பக்கக் கட்டுரை இவ்விரு மரபுகளையும் இணைத்தது. அதன்படி நாணயம் என்பது கையொப்பங்களின் தொடரேயன்றி வேறன்று. முந்திய உரிமையாளர் அடுத்தவரின் பொதுத் திறவுகோலுக்கு ஒப்பமிட்டு உரிமையை மாற்றுகின்றார். கொடுக்கல் வாங்கல்கள் தொகுதிகளாகத் திரட்டப்பட்டுச் சங்கிலியாகப் பிணைக்கப்படுகின்றன. பேரேட்டின் பிரதி எண்ணற்ற கணினிகளில் இருக்கின்றது. 2009 ஜனவரி 3 இல் பிட்கொயினின் முதற் தொகுதி தோன்றிற்று. ஜனவரி 12 இல் ஹால் பின்னி என்ற கணினி அறிஞருக்குப் பத்துப் பிட்கொயின்கள் அனுப்பப்பட்டன. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சென்ற முதற் கொடுப்பனவு அதுவேயாகும்.

இப்பேரேட்டில் நொத்தாரிசு இல்லை, பதிவாளரும் இல்லை. அவ்விடத்தை நிரப்புவது, ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு கையொப்பத்தையும் தானே சரிபார்க்கும் என்ற விதி மட்டுமே. சரிபார்ப்பு என்பது இங்கு ஓர் உபசாரமன்று. சொத்துரிமையின் ஒரே அடித்தளமாகும்.

சரிபார்ப்பு நிகழும் முறை

பிட்கொயினும் பின்னர் 2015 ஜூலையில் தோன்றிய எதீரியமும் செக்பி256கே1 எனப்படும் ஒரே நீள்வளைய வளையியைப் பயன்படுத்துகின்றன. இவ்வளையியிலுள்ள புள்ளியொன்றின் நிலை ஆள்கூற்றை வர்க்கித்தால், கிடை ஆள்கூற்றின் கனத்துடன் 7 ஐக் கூட்டிய தொகை கிடைக்கும். யாவும் 78 இலக்கங்களைக் கொண்ட ஒரு முதன்மை எண்ணால் வகுத்துப் பெறும் மீதிகளாகவே கணிக்கப்படும். வளையியில் எல்லார்க்கும் பொதுவான ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. அதனை இரகசிய எண்ணாற் பெருக்கினால் வரும் புள்ளியே பொதுத் திறவுகோல். புள்ளியிலிருந்து இரகசிய எண்ணை மீட்டல் இயலாது.

கையொப்பம் இரு எண்களாலானது. அவற்றை முதலெண், இரண்டாமெண் என்போம். சரிபார்ப்பவர் முதலிற் கொடுக்கல் வாங்கல் விவரத்தைச் சுருக்க எண்ணாக்குகின்றார். கையொப்பத்தின் இரு எண்களும் பூச்சியமாகவோ, வளையியின் வரிசை எண்ணுக்குச் சமமாகவோ மிகையாகவோ இல்லையென உறுதிசெய்கின்றார். பின் இரண்டாமெண்ணின் நேர்மாறைக் கண்டு, அதனாற் சுருக்க எண்ணையும் முதலெண்ணையும் தனித்தனியே பெருக்குகின்றார். முதற் பெருக்கத்தால் தொடக்கப் புள்ளியையும், அடுத்த பெருக்கத்தால் பொதுத் திறவுகோற் புள்ளியையும் பெருக்கி, இரு விளைவுகளையும் கூட்டுகின்றார். வரும் புள்ளியின் கிடை ஆள்கூறு முதலெண்ணோடு ஒத்தால் ஒப்பம் மெய். ஒவ்வாவிடிற் பொய். இடைப்பட்ட நிலை எதுவும் இல்லை.

எதீரியம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதன் கொடுக்கல் வாங்கலில் அனுப்புபவரின் முகவரி எழுதப்படுவதேயில்லை. கையொப்பத்திலிருந்தே பொதுத் திறவுகோல் மீட்கப்பட்டு, அதன் சுருக்க எண்ணின் கடைசி இருபது பைற்றுகளே அனுப்பியவரின் முகவரியாகக் கொள்ளப்படுகின்றன. கையொப்பத்திற்கு அப்பால் ஆள் என ஒருவர் அப்பேரேட்டில் இல்லை.

பத்து நாளிற் பிறந்த மொழி

இத்தகைய கணிப்பைச் செய்யும் பொறுப்பு யாவாஸ்கிரிப்டிடம் வந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றெனலாம். 1995 மே மாதத்தில் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் இம்மொழியின் முதல் வடிவத்தைப் பத்து நாளில் உருவாக்கினார். இணையப் பக்கங்களிற் சிறு அசைவுகளையும் படிவச் சோதனைகளையும் செய்வதே அதன் அன்றைய வேலை. அம்மொழியில் எண்கள் யாவும் ஒரே வகையான மிதவைப் புள்ளி எண்களாக இருந்தன. 9007199254740992 வரையான முழுவெண்களையே அவை பிழையின்றிக் காட்டும். அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினாலும் விடை மாறுவதில்லை. பதினாறு இலக்கங்களில் தடுமாறும் மொழியொன்று எழுபத்தெட்டு இலக்க எண்களைப் பெருக்கி மீதி காணவேண்டிய நிலை ஏற்பட்டது.

ஏன் அம்மொழியையே நாடவேண்டியிருந்தது? உலகின் இணைய உலாவிகள் எல்லாவற்றிலும் தடையின்றி இயங்கிய மொழி அதுவொன்றே. பொதுமக்கள் தமது இலக்கமுறைப் பணத்தை உலாவியின் வாயிலாகக் கையாளத் தொடங்கியபோது வேறு மொழிக்கு இடமிருக்கவில்லை. எனவே செய்நிரலாளர் பேரெண்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நாம் பாடசாலையில் இடமதிப்புப்படி பெருக்கிய வண்ணமே துண்டுதுண்டாகப் பெருக்கும் நிரல் நூலகங்களை எழுதினர். 2011 முதல் பிட்கொயினுக்கென யாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் தோன்றின. 2017 ஜனவரியில் உலாவிகளுக்கான குறியாக்கத் தரம் அங்கீகரிக்கப்பட்டபோது அதில் செக்பி256கே1 இடம்பெறவில்லை. 2020 இன் மொழித்தரத்திலேயே பிக்இன்ற் என்னும் எல்லையற்ற முழுவெண் வகை சேர்க்கப்பட்டது. அக்காலம் வரை கோடிக்கணக்கான பணத்தின் கையொப்பங்களைத் தன்னார்வலர் சிலர் எழுதிய நூலகங்களே சரிபார்த்தன.

இந்நிலை ஆபத்தானது என்ற எச்சரிக்கை தொடக்கத்திலேயே எழுந்தது. மற்றசானோ என்ற பாதுகாப்பு நிறுவனத்தார் 2011 இல் வெளியிட்ட விமர்சனத்தின் சாரம் எளிது. உலாவியில் இயங்கும் செய்நிரல் ஒவ்வொரு முறையும் சேவையகத்திலிருந்தே வருகின்றது. சேவையகத்தை நம்பாதிருப்பதற்காகக் கையொப்பத்தைச் சரிபார்க்கின்றோம். சரிபார்க்கும் கருவியையோ அதே சேவையகத்திடம் கேட்டுப் பெறுகின்றோம். நீதிபதியை வழக்காளியே அழைத்துவரும் வழக்கு இது.

சரிபார்ப்போரின் தவறுகள்

கணிதம் பிழையற்றதாயினும் அதனை நிறைவேற்றும் நிரலும் மனிதரும் பிழைக்குரியோரே. சில நிகழ்ச்சிகளை இங்கு நோக்குவோம்.

நீள்வளையக் கையொப்பம் ஒவ்வொன்றுக்கும் புதிய எழுமாற்று எண் ஒன்று தேவை. அது மீண்டும் பயன்படுத்தப்பட்டால் இரு கையொப்பங்களை ஒப்பிட்டே இரகசியத் திறவுகோலைக் கண்டுவிடலாம். 2010 டிசெம்பரில் பேர்லின் நகரில் நடந்த மாநாடொன்றில், சோனி நிறுவனத்தின் விளையாட்டுக் கருவியில் அவ்வெண் மாறாதிருந்தமை அம்பலமாயிற்று. 2013 ஓகஸ்ற் மாதத்தில் அன்ட்ரொயிட் தொலைபேசிகளின் எழுமாற்று எண்ணாக்கியிற் காணப்பட்ட குறையாற் பிட்கொயின்கள் களவாடப்பட்டன. உலாவிகளிலும் இதனையொத்த குறை இருந்தது. 2011 ஐ அடுத்த சில ஆண்டுகளில் யாவாஸ்கிரிப்ட் நூலகமொன்றினாற் பிறப்பிக்கப்பட்ட திறவுகோல்கள் போதிய எழுமாற்றுத்தன்மை அற்றவை என்பது 2023 நவம்பரில் வெளிவந்தது. ஒரு தசாப்தத்திற்கு மேலாக அத்திறவுகோல்களின் கையொப்பங்கள் யாவும் மெய்யெனவே சரிபார்க்கப்பட்டு வந்தன என்பது சிந்தனைக்குரியது.

இன்னொரு குறை கணிதத்தின் உள்ளிருந்தே எழுந்தது. ஒரு கையொப்பத்தின் இரண்டாமெண்ணை வளையியின் வரிசை எண்ணிலிருந்து கழித்து வைத்தாலும் கையொப்பம் மெய்யாகவே இருக்கும். உரியவர் அறியாமல் மூன்றாமவர் ஒருவர் கையொப்பத்தின் உருவை மாற்றலாம். பொருள் மாறாது, ஆயின் பதிவின் அடையாள எண் மாறிவிடும். 2014 பெப்ரவரியில் தோக்கியோவில் வீழ்ந்த மவுண்ட் கொக்ஸ் பரிமாற்றகம் தன் இழப்புக்கு இதனையே காரணங்காட்டிற்று. சூரிச் நகர ஆய்வாளர் பேரேட்டை ஆராய்ந்து, அந்தப் பெரும் இழப்பை இக்காரணம் விளக்காது எனக் காட்டினர். எனினும் குறை உண்மையானதே. எதீரியம் 2016 இல் இரு வடிவங்களுட் சிறிய எண்ணை உடையதை மட்டும் ஏற்கும் விதியைக் கொணர்ந்தது. பிட்கொயினில் 2017 ஓகஸ்ற் மாதத்தில் நடைமுறைக்கு வந்த மாற்றம் கையொப்பத்தை அடையாள எண்ணின் கணிப்பிலிருந்து பிரித்தது.

2015 ஜூலை 4 இல் நிகழ்ந்தது இவையனைத்திலும் பாடம் மிக்கது. கையொப்பம் எழுதப்படும் வடிவத்தைப் பிட்கொயினில் இறுக்கமாக்கும் விதி அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய பதிப்பிற் தங்கிய ஒருவர் செல்லாத தொகுதியொன்றை வெளியிட்டார். பெரும் சுரங்கக் கூட்டங்கள் சில, நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகத் தொகுதிகளை முழுமையாகச் சரிபாராமலே அவற்றின் மீது கட்டுபவையாக இருந்தமையால் அச்செல்லாத் தொகுதியின் மீதே மேலும் தொகுதிகளை அடுக்கின. ஆறு தொகுதிகள் வீணாயின. எல்லாரும் சரிபார்ப்பர் என்ற விதியில், பிறர் சரிபார்த்திருப்பர் என்ற எண்ணம் எவ்வளவு எளிதாகப் புகுந்துவிடுகின்றது!

யாவாஸ்கிரிப்ட் உலகிற் பரவலாக வழங்கிய எலிப்ரிக் என்னும் நூலகத்தில் 2020 இலும் 2024 இலும் சரிபார்ப்புக் குறைகள் அறிவிக்கப்பட்டன. எண்களின் எல்லையைச் சோதியாமை, எழுத்து வடிவத்தில் நெகிழ்ச்சி காட்டியமை என்பன அவற்றுட் சில. இவை எல்லாம் முதலாவது வினாவுக்குரிய பிழைகள். இவை கண்டுபிடிக்கப்பட்டன; திருத்தவும்பட்டன. இரண்டாவது வினாவுக்குரிய பிழையோ திருத்துவதற்கு ஒரு நிரல்வரி தானும் இல்லாதது.

மெய்யான ஒப்பம், பொய்யான சம்மதம்

2025 பெப்ரவரி 21 இல் பைபிட் என்னும் பரிமாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 1.5 பில்லியன் அமெரிக்க டொலர் மதிப்புள்ள ஈதரும் அதனையொத்த நாணயங்களும் களவாடப்பட்டன. அச்சேமிப்பைத் திறக்க ஒருவர் ஒப்பம் போதாது. பலர் ஒப்பமிடுதல் வேண்டும். அவர்கள் தமது திறவுகோல்களை இழக்கவில்லை. கணிதம் முறியடிக்கப்படவில்லை. அவர்கள் பயன்படுத்திய சேஃப் என்ற சேவையின் செய்நிரலாளர் ஒருவரின் கணினியைக் கைப்பற்றிய கயவர், அச்சேவையின் இணையப் பக்கத்திலிருந்த யாவாஸ்கிரிப்ட் நிரலை மாற்றியமைத்தனர். அந்த நிரல் திரையில் வழக்கமான ஒரு பணமாற்றத்தைக் காட்டியது; ஒப்பத்திற்கு அனுப்பியதோ சேமிப்பின் கட்டுப்பாட்டையே கைமாற்றும் கட்டளையை. ஒப்பமிட்டோர் கையிலிருந்த தனிக்கருவிகள் அக்கட்டளையை மனிதர் வாசிக்கும் மொழியிற் காட்டவில்லை. அவர்கள் ஒப்பமிட்டனர். உலகெங்கும் உள்ள எதீரியக் கணினிகள் ஒவ்வொன்றும் அவ்வொப்பங்களைச் சரிபார்த்தன. அவை ஒவ்வொன்றும் மெய்யாகவே இருந்தன. இக்களவு வடகொரியாவின் செயல் என அமெரிக்கப் புலனாய்வுப் பணியகம் சில நாட்களில் அறிவித்தது.

அதே ஆண்டு செப்ரெம்பர் 8 இல், என்பிஎம் என்னும் யாவாஸ்கிரிப்ட் நிரற் களஞ்சியத்திற் பெரிதும் பயன்படும் பதினெட்டு நிரற்பொதிகளிற் கள்ளநிரல் புகுத்தப்பட்டது. உலாவியில் ஒருவர் பணமனுப்ப முற்படுகையில், பெறுநரின் முகவரியை ஏறத்தாழ அதே தோற்றமுடைய வேறொரு முகவரியாக மாற்றுவதே அதன் வேலை. விரைவிற் கண்டறியப்பட்டமையால் இழப்புச் சிறிதாயிற்று. இங்கும் கையொப்பம் தாக்கப்படவில்லை. கையொப்பத்திற்கு முந்திய அந்தச் சில கணங்களே தாக்கப்பட்டன.

இவ்வபாயம் எவரும் எண்ணிப்பாராத ஒன்றன்று. திரையிற் காண்பதும் ஒப்பமிடுவதும் ஒன்றேயா என்ற வினாவை லண்ட்ரொக், பெடர்சன் ஆகியோர் 1998 இலேயே ஆய்வுப் பொருளாக்கினர். எதீரியத்தில் 2017 இல் முன்மொழியப்பட்ட தரமொன்று, ஒப்பமிடப்படும் விவரங்களைப் பெயரும் பொருளும் தெரியும் வண்ணம் அமைக்க வழிசெய்தது. எனினும் பாதுகாப்பின் சுமை முழுவதும் முதலாவது வினாவிலேயே ஏற்றப்பட்டது. அதற்குக் காரணமும் உண்டு. முதலாவது வினாவின் விடையைக் கணினி ஒரு கணத்தின் சிறு கூறிற் கூறிவிடும். இரண்டாவது வினாவுக்கு மனிதர் நேரம் செலவிடல் வேண்டும், வாசித்தல் வேண்டும், ஐயுற்றுக் கேட்டல் வேண்டும். வேகத்தை இலாபமாகக் கருதும் சந்தையில் இத்தகைய தாமதத்திற்கு மதிப்பில்லை.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகின்றது. 1877 இல் ஹூக்ளியில் விரல் பதித்தவருக்கும், 2025 இல் தனிக்கருவியின் பொத்தானை அழுத்தியவருக்கும் இடையில் அறிவியல் மிக நீண்ட தூரம் நடந்துள்ளது. ஆயினும் இருவர் நிலையும் ஒரு வகையில் ஒன்றே. தம்முன் உள்ளதை வாசிக்க இயலாத நிலையில் இருவரும் ஒப்பமிட நேர்ந்தது. எழுத்தறிவின்மை என்பது ஒரு காலத்தோடு முடிந்துபோன குறையன்று. ஆவணத்தின் மொழி மாறும்போதெல்லாம் அது புதிய வடிவிற் தோன்றும். பொறியியலும் சட்டமும் கற்றோரும் பொறிமொழிக் கட்டளையின் முன் எழுத்தறியாதவரே.

இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியற் கையொப்பத்திற்குச் சட்ட வலுவைத் தந்தது. நிறைவேற்றப்பட்டபோது அச்சட்டம் மரணசாசனத்தையும் காணி விற்பனையையும் தன் எல்லைக்கு வெளியே விட்டது. இதனைப் பழைமைப் பற்று எனச் சிலர் கருதலாம். வாசித்து விளக்கும் ஒருவர் எதிரே இருக்கவேண்டிய இடங்கள் சில உள என்ற பழைய அறிவின் எச்சமாகவும் இதனைக் கொள்ளலாம். நொத்தாரிசுகள் யாவரும் நேர்மையாளர் என்பதன்று இதன் பொருள். அவர்தம் கடமையின் இரண்டாம் பகுதிக்கு இலக்கமுறை உலகம் இன்னும் மாற்றுக் காணவில்லை என்பதே இதன் பொருள்.

கணிதம் தன் வாக்கைக் காத்தது. திறவுகோலுக்கு உரியவரே ஒப்பமிட்டார் என அது கூறினால் அதனை நாம் நம்பலாம். அதற்கு மேல் அது எதனையும் கூறியதில்லை. கூறியதாக எண்ணியவர்கள் நாமே. இனி வரும் பேரேடுகளை ஆக்குவோர் கையொப்பத்தை எவ்வளவு விரைவாகச் சரிபார்க்கலாம் என்று மட்டும் ஆராயாமல், ஒப்பமிடுபவருக்கு எதை, எந்த மொழியில், எவரையும் நம்பவேண்டாத எந்தக் கருவியிற் காட்டுவது என்பதையும் அதே ஊக்கத்துடன் ஆராய்தல் வேண்டும். அப்பணி கணிதவியலாளருக்கு மட்டும் உரியதன்று. மொழியையும் சட்டத்தையும் வரலாற்றையும் பயில்வோர்க்கும் அதிற் பங்குண்டு.